கூடுதலாக ஒரு ஆக்சிஜன்

கணவாய்க் காற்று மூன்றாம் முறை சன்னலை அறைகிறது.
கொக்கி போட்டுவிட்டு
நாற்பத்தேழாம் இழுப்பறையை இழுக்கிறேன்.
கொழிஞ்சாம்பாறைக் கல்லூரியில்
கனிமவறைச் சாவி என்னிடம்தான்.

பஞ்சுக்குள் ஒரு கல்,
சின்ன நெல்லிக்காய் அளவு.
கொசு அடித்த உள்ளங்கையின் சிவப்பு.
எடுத்ததும் கை ஒரு கணம் கீழே போகிறது.
உள்ளே ஈயம் உட்கார்ந்திருக்கிறது.

சீட்டில் மலையாளத்தில் ‘குரோகாய்ட்’.
பக்கத்தில் யாரோ பென்சிலில் போட்ட கேள்விக்குறி.
இனம்: குரோமேட்.
தந்தவர்: மஞ்ஞளி ஔசேப்பு.
கிடைத்த ஊரின் பெயரைக் கரையான் தின்றுவிட்டது.

குரோகாய்ட்டாகவே இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.
காரணம் உண்டு.
சவறாவின் கருமணலோடு கிடக்கிறதே மோனசைட்,
அணு அடுக்கிய விதத்தில்
அதற்கும் இதற்கும் ஒரே வீட்டு வரைபடம்.
அங்கே பாஸ்பேட் குடியிருக்கிறது,
இங்கே குரோமேட்.
எங்கிருந்தோ வந்த கல்லுக்கு
இந்தக் கரையில் ஒரு பங்காளி இருந்தால்
எனக்கும் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.
போன வாரம் நிரப்பிய படிவத்தில்
என் தாய்மொழி ‘மற்றவை’ என்ற கட்டத்துக்குள் வந்தது.
தேவானை என்ற பெயரின் கால் ஒன்றும் காணோம்.

நிறத்தை நம்பக்கூடாது.
கல் வெளியே ஒன்று காட்டும், பொடியில் வேறு சொல்லும்.
உடைந்த கழிவறை ஓட்டின் பின்புறம்,
மெருகில்லாத வெள்ளையில்,
அழுத்தி ஒரு கோடு இழுத்தேன்.

ஆரஞ்சு கலந்த மஞ்சள் வரவேண்டும்.
வந்தது செங்கல்.

இன்னொரு முறை இழுத்தேன். செங்கல்.

நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டேன்.
காற்றில் இருபத்தெட்டு புள்ளி இரண்டு கிராம்,
தண்ணீரில் இருபத்து நான்கு புள்ளி இரண்டு.
வகுத்தால் ஏழும் கொஞ்சமும்.
குரோகாய்ட் ஆறோடு நின்றுவிடும்.
அப்படியானால் இது அதன் ஒன்றுவிட்ட சொந்தம்,
ஃபீனிகோகுரோயிட்:
ஒரு குரோமேட்டுக்கு இரண்டு ஈயம்,
பிறகு, எந்தக் குரோமேட்டிலும் சேராமல்
தனியே ஈயத்தைப் பற்றிக்கொண்டு
கூடுதலாக ஒரு ஆக்சிஜன்.
மோனசைட்டின் வீட்டில் இதற்கு இடமில்லை.

அடுத்த மேசையில் ஷெரீனா.
வாளையாறு சாவடியில் பிடித்த மஞ்சள்தூள்,
அரக்கு முத்திரையோடு ஆறு பொட்டலம்.
நான்காவதில் சொட்டு விட்டதும்
ஊதா எழும்பி நின்றது.
“இதிலுமுண்டு லெட் குரோமேட்,” என்றாள்,
ஏதோ என் கல் அங்கே போய் அரைபட்டதுபோல.

அதே ஈயம், அதே குரோமேட்.
குரோகாய்ட்டுக்கும் அந்தத் தூளுக்கும்
சூத்திரத்தில் ஓர் எழுத்து வித்தியாசமில்லை.
ஆனால் பட்டியலில் அதற்கு எண் கிடையாது,
இழுப்பறை கிடையாது.
மண் செய்தால்தான் கனிமம்.
ஆள் செய்தால் வழக்கு எண்.

புதுச் சீட்டு எழுதினேன்.
முன்பக்கம் மலையாளம், பின்பக்கம் தமிழ்.
அந்த நீளப் பெயர் இரண்டிலும்
வரிக்குள் அடங்கவில்லை.
கேள்விக்குறியை நானும் அழிக்கவில்லை:
எக்ஸ்-கதிரில் அடுக்கைப் பார்க்காமல்
உறுதி சொல்ல முடியாது.
கருவி கோயம்புத்தூரில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் கொண்டுபோக வேண்டும்.
வெளிச்சம் பட்டால் மங்கிவிடுமோ என்று
கறுப்புத் துணியில் சுற்றி
எவர்சில்வர் டப்பாவில் போட்டேன்.
உள்ளே என்ன என்று யாராவது கேட்டால்?
விலை கிடையாது. தின்றால் விஷம்.
எந்த ஊர் என்று தெரியாது.

மூன்று தடவை கை கழுவினேன்.
மதியச் சாம்பார் அன்றைக்கு
வழக்கத்தைவிட மஞ்சளாக இருந்தது.
ஷெரீனா என்னைப் பார்த்தாள்,
நான் ஷெரீனாவைப் பார்த்தேன்,
இரண்டு பேரும் தயிரை இழுத்துக்கொண்டோம்.